மறுபடியும் சாட்சி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கைப் புண் ஆறிவிட்டது. நீயும் மாமாவும் சௌக்கியமா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். தையல் கம்பெனி தீ விபத்துக்கு வாட்ச்மேன் அண்ணன் ஒருவர்தான் கூண்டில் நிற்கிறார். பின்கதவை அவர் பூட்டியதால்தான் என் பக்கத்து மிஷின்காரி செத்துப்போனாள் என்று வழக்கு. பூட்டியது அவரில்லை. துணி திருட்டுப் போகிறதென்று தினமும் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டது சூப்பர்வைசர். நம் மாமா.

போலீஸ் வந்தபோது ஆஸ்பத்திரியில் அரைமயக்கத்தில் கிடந்தேன். சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டால் சொல்லிவிடுவேன் அக்கா. உனக்குத் தெரியாமல் சொல்ல மனசு வரவில்லை.

உன் குட்டி

ஜூன் 6

குட்டிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

தீ விபத்துக்குப் பிறகு கம்பெனி இந்த ஊர்க் கிளைக்கு மாற்றிய நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை. கல்யாணமாகி வந்தபோது உன்னையும் கையோடு கூட்டி வந்தேனே, ஒரு நாளாவது முகம் சுளித்திருக்கிறாரா? பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாதே, அது போதும்.

அக்கா

ஜூன் 12

அக்கா,

கேட்டுவிட்டார்கள்.

ஜட்ஜ் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சாவி யார்கிட்டம்மா இருந்துச்சு?" என்றார்.

"சூப்பர்வைசர்கிட்ட."

"அவர் உனக்கு உறவா?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

வாட்ச்மேன் அண்ணன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மாமாவையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி அரசு வக்கீல் மனு போட்டிருக்கிறார். என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

குட்டி

ஜூலை 4

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மாமாவுக்குச் சம்மன் அனுப்ப உத்தரவாகிவிட்டது. அவர் விஷயத்தில் விசாரணை முதலிலிருந்து நடக்குமாம். நானும் மறுபடி கூண்டேற வேண்டும், இந்த முறை மாமா எதிரே நிற்பார்.

குட்டி

ஜூலை 19

என் குட்டிக்கு,

சம்மன் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

நேற்று முதலாளியின் வக்கீல் வீட்டுக்கே வந்தார். "உங்க கொழுந்தியாதானே? இந்தத் தடவை ஞாபகமில்லன்னு சொல்லச் சொல்லுங்க. பழி மொத்தமும் வாட்ச்மேனோட போயிடும்."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். தலையாட்டிவிடுவாரோ என்று பயம். இவர் மெதுவாக, "புகையில அந்தப் பொண்ணுங்க எந்தக் கதவுக்கு ஓடிச்சுங்க தெரியுமா சார்? நான் பூட்டினதுக்குத்தான்" என்றார். வக்கீல் போன பிறகு இவர் என் மடியில் தலை வைத்து அழுதார்.

ஆஜராகப் போகிறார். சாவி தன்னிடம் இருந்ததையும், பூட்டச் சொன்னது முதலாளி என்பதையும் சொல்லப் போகிறாராம். என்ன தண்டனை வருமோ, எத்தனை நாள் தனியாக இருப்பேனோ தெரியாது. உன் மேல் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வந்து நேரிலேயே திட்டித் தீர்க்கிறேன்.

கோர்ட்டில் நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று அவரிடமே கேட்டேன். "எனக்கு வக்கீல் இருக்காரு. அவளுக்கு யாரு இருக்கா? நீ அவ கண்ணுக்குப் படற மாதிரி உக்காரு" என்றார்.

முந்தின நாளே வந்துவிடுகிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே நடந்ததை அப்படியே சொல்.

அக்கா