நூறு இலைக் கல்யாணம்

முருகன் துணை

தியாகராய நகர்,
22.7.1974

அன்புள்ள காஸ்பருக்கு,

சண்முகம் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம், உன் அரசாங்கத்தால் எனக்கு மட்டும் தலைவலி. நேற்று வழக்கமான ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தபோதே கேட்டிருப்பேன். மீனாட்சி போட்ட சட்டம்தான் உனக்குத் தெரியுமே. நாம் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்த நாளிலிருந்து, "அரசியல் பேசணும்னா காயிதத்துல பேசுங்க, என் வீட்டுல சோறு மட்டுந்தான்" என்கிறாள். எட்டு வருஷமாகத் தபால்காரர்தான் நம் சண்டையை மந்தைவெளிக்கும் தி. நகருக்கும் சுமக்கிறார்.

சரோஜா கல்யாணம் ஆகஸ்டு 28, மயிலாப்பூரில். பஞ்ச காலமாம், நூறு பேருக்கு மேல் சோறு போடக்கூடாதாம். திருநெல்வேலியிலிருந்து வரும் சொந்தக்காரர்களே முந்நூறு பேர். என் பெண், என் அரிசி, நான் போடும் இலை. இதில் சர்க்காருக்கு என்ன வேலை? அந்த உணவு ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் நீ. ஒரு நாள் கண்ணை மூடிக்கொள், போதும்.

உன்,
சண்முகசுந்தரம்


சேசு துணை

மந்தைவெளி,
25.7.1974

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பனகல் பார்க்கைச் சுற்றி நான் சைக்கிள் பழக்கிய பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க விடாமல் நீதான் கழுத்தை அறுக்கிறாய்.

"என் அரிசி" என்று எழுதியிருக்கிறாயே? சனிக்கிழமை சாந்தோமில் ஒரு ரேஷன் கடையைப் பார்க்கப் போனேன். குப்பத்து சுப்பம்மா என்னைத் தெரிந்தவள். மூன்றாவது நாளாக வரிசையில் நிற்கிறாள். "இன்னா சார், இன்னிக்காவது அரிசி கீதா, இல்ல பையை மடிச்சிக்கினு போவட்டுமா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. முந்நூறு இலையில் பாதி சோறு குப்பைத்தொட்டிக்குப் போவதை நீயும் நானும் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறோம். கையில் காசு இருப்பவனுக்கு மட்டும் சுதந்திரம் என்றால் அவள் எங்கே போவாள்?

கூடுதல் ஆட்களுக்கு அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடு. மேலே அனுப்புகிறேன். கிடைக்கும் என்று வாக்குத் தர மாட்டேன். கண்ணை மூடவும் மாட்டேன்.

அன்புடன்,
காஸ்பர்


முருகன் துணை

தியாகராய நகர்,
5.8.1974

காஸ்பருக்கு,

சுப்பம்மாவைக் காட்டி என் வாயை அடைக்காதே. அவளை மூன்று நாள் வெயிலில் நிறுத்தியது நானா? எங்கள் ஊரில் விவசாயி வேலு வீட்டுக் குதிரில் நெல் கிடக்கிறது. ஜில்லா எல்லையைத் தாண்டி விற்கப் போனால் செக்போஸ்டில் மூட்டையைப் பிடுங்குகிறார்கள். அங்கே விற்க முடியாமல் ஒருத்தன், இங்கே வாங்க முடியாமல் ஒருத்தி, நடுவில் ரப்பர் ஸ்டாம்போடு நீ. பசியைத் தீர்க்கிறாயா, பசிக்குப் பைல் போடுகிறாயா?

கடையில் ஒரு பீஸ் துணி வந்தாலும் உன் ஆட்களுக்கு நோட்டைக் காட்டுகிறேன். சரி, வியாபாரம், போகட்டும். என் மகள் கல்யாணத்துக்கு யார் வரலாம் என்று கேட்டு உன் ஆபீசுக்கு விண்ணப்பம் எழுதுவேன் என்று மட்டும் கனவிலும் நினைக்காதே.

சட்டம்தானே பெரிசு உனக்கு? அப்படியே நடக்கிறேன். உட்கார்ந்து நூறு பேரைப் பொறுக்கிவிட்டேன். சொந்த அத்தை மகனையே வேண்டாம் என்று எழுதினேன். அந்த நூறில் நீ இல்லை. வருத்தமாக இருந்தால் என்னைக் கேட்காதே, உன் சர்க்காரைக் கேள்.

சண்முகசுந்தரம்


சேசு துணை

மந்தைவெளி,
30.8.1974

அன்புள்ள சண்முகம்,

உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தேன். விருந்தாளியாக இல்லை. பந்தியை எண்ண எங்கள் ஆபீஸ் ஸ்ரீரங்கனுக்குத்தான் டியூட்டி போட்டிருந்தார்கள். அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன்னை மாட்டிவைக்க வரவில்லை என்று நான் சொல்லித்தான் நீ நம்ப வேண்டும் என்றால், நாம் இத்தனை வருஷம் பழகியது வீண்.

மண்டப வாசலில் கையில் நோட்டோடு நின்றேன். சரோஜா மாலையோடு குனிந்தது தெரிந்தது. தாலி கட்டும்போது யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மீனாட்சி பானகம் கொண்டுவந்து நீட்டினாள். டியூட்டியில் வாங்கக்கூடாது என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு எனக்கு என் உத்தியோகத்தின் மேலேயே எரிச்சல் வந்தது. அதை உன்னிடம் ஒத்துக்கொள்வதில் இன்னும் எரிச்சல்.

ஒரே பந்தி. வரிசை வரிசையாகப் போய் எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். தொண்ணூற்றொன்பது பேர்.

என் சர்க்கார் ஓர் இடம் விட்டுத்தான் இருந்தது, சண்முகம். என்னை வேண்டாம் என்றது நீ.

இனி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வர மாட்டேன். மீனாட்சியைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல். ஒண்டிக்கட்டைக்கு எங்காவது மெஸ்ஸில் சோறு கிடைக்கும்.

காஸ்பர்


முருகன் துணை

தியாகராய நகர்,
2.9.1974

அனுப்புநர்: சண்முகசுந்தரம், துணி வியாபாரி.
பெறுநர்: திரு. காஸ்பர், உணவு அதிகாரி.
பொருள்: ஒரே ஒருவரைச் சாப்பிட அழைக்க அனுமதி வேண்டுதல்.

ஐயா,

என் வாழ்க்கையில் எழுதும் முதல் விண்ணப்பம். தப்பிருந்தால் திருத்திக்கொள்ளவும்.

அந்த நூறு பேர் பட்டியலில் வீட்டு ஆட்களுக்கு அடுத்ததாக உன் பெயரைத்தான் எழுதியிருந்தேன். உன் கடிதத்தை மறுபடி படித்த கோபத்தில் அதை அடித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அத்தை மகன் அந்த இடத்தைக் கேட்டு நச்சரித்தான். அதில் வேறு பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவனும் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். உன்னால் எனக்கு இரட்டை நஷ்டம்.

வாசலில் நீ நின்றதைப் பார்த்தேன். மணவறையிலிருந்து இருபது அடி இருக்கும். எழுந்து வந்திருக்கலாம். வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. என் வீம்புதான்.

சட்டத்தைப் பற்றி என் கருத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அது அடுத்த தபாலில், விவரமாக.

ஞாயிற்றுக்கிழமை சரோஜாவும் மாப்பிள்ளையும் மறுவீடு வருகிறார்கள். "காஸ்பர் மாமா ஏன் என்னைப் பார்க்காமலே போனாங்க?" என்று போகும்போது அழுதாள். அந்தக் கேள்வி உனக்கு. நீ வந்து சொல். அன்றைக்கு மாதா பிறந்தநாள் என்று தெரியும். பூசை முடிந்து வந்தால் போதும். நீ வருகிறவரை பந்தி போட மாட்டாளாம் மீனாட்சி. இந்த வீட்டில் அவள் உத்தரவுதான் செல்லும்.

தங்கள் கீழ்ப்படியாத,
சண்முகம்