டம்ளர் தூக்கும் காட்சி

அக்காவுக்கு,

நாங்க எடுக்குற அனிமேஷன் படத்துல வர்ற கிழவிக்காக, நீ டம்ளர் தூக்குற வீடியோ கேட்டேனே, வந்து சேர்ந்துச்சு.

டம்ளர் மேசையில இருக்கும்போது கை இருக்குற நிலையைக் குறிச்சு ஒரு கீஃபிரேம், வாய்க்கிட்ட வந்ததும் இன்னொண்ணு வச்சா போதும்; நடுவுல உள்ள அசைவை கம்ப்யூட்டரே போட்டுடும். உன் கைக்குப் பத்தொன்பது வைக்க வேண்டியிருந்துச்சு.

"கிழவியோட நடுக்கம் அச்சு அசல்!"னு டைரக்டர் என்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுறார். நான் உன்னை நடிக்கச் சொல்லவே இல்லையே அக்கா? உனக்கு நாற்பதுதானே ஆகுது? டம்ளர் சூடா இருந்துச்சோ? அப்படித்தான் இருக்கும்.

போன்ல கேட்டா, "எனக்கென்னடி, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்"னுதான் சொல்லுவே. அதனால போன் பண்ணாதே, டைப்பும் பண்ணாதே. ரெண்டே வரி போதும், பேனா பிடிச்சு எழுதி அனுப்பு.

உன் தங்கச்சி