பொட்டு வைத்த ஸ்போர்ட்ஸ் கார்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. ஸ்டார்ட் ஆகாமல் கிடக்கும் அப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நாளை மூலக்குளம் போகிறது, காதர் பாய் (இனி கா.பா.) பட்டறைக்கு. அப்பா டிரைவராக இருந்த வீட்டு பிரெஞ்சுக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்தது. இரண்டே சீட்டு. அறுபது வயதுக்கு மேல். நின்றாலும் ஓடுகிற தோற்றம். எங்கள் நெல்லித்தோப்பில் இன்னும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காதவர் குறைவு.

ஒரிஜினல் பாகம் எதுவும் இன்று கிடைக்காது. பட்டறையில் மாற்றிவிட்டால்? அடையாளத்துக்குக் கல்யாணியின் சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து, ஒவ்வொரு பாகத்திலும் மறைவான இடமாகப் பார்த்து ஒரு பொட்டு. கார்புரேட்டர், டைனமோ, முன்விளக்கு, ஸ்பீடோமீட்டர்... மொத்தம் பதினொன்று.

கல்யாணி பார்த்துவிட்டாள். "கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாளாவது இப்பிடி வெச்சி வுட்டிருக்கீங்களா?"

ஆகஸ்ட் 7, வியாழன்

பட்டறை. கா.பா. முகம் சரியில்லை. பானெட்டைத் திறக்கவே விடவில்லை. "அப்புறம் பாக்கலாம் சார்." கூடவே வேலை செய்கிற அவர் மச்சான் சலீமையும் காணோம். கேட்டால், "லீவு." சாமானோடு கம்பி நீட்டிவிட்டானோ? சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கா.பா. டீ குடிக்கப் போன நேரம் பார்த்து பானெட்டைத் தூக்கினேன். ஒரு பொட்டுகூட இல்லை. அவர் வந்ததும் கத்தினேன். "ஒரிஜினல் சாமானெல்லாம் எங்க பாய்?"

"எல்லாம் அதுலயேதான் இருக்கு சார். மெதுவா பேசுங்க. நல்ல சாமானா பாத்து எவனோ செவப்பா பொட்டு வெச்சிருந்தான். கழட்டறதுக்கு அடையாளம். நான்தான் தின்னர் போட்டு தொடச்சேன். பட்டறைல இருக்கறது நானும் சலீமும். பதினெட்டு வருஷமா கூட இருந்தவன். இனிமே வராதடான்னு சொல்லிட்டேன்."

வாயைத் திறக்காமல் வீடு வந்துவிட்டேன். கேவலமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தூறல். போய்ச் சொல்லிவிட்டேன், பொட்டு வைத்தவன் நான்தான் என்று. கா.பா. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "வண்டி என்னா பாவம் பண்ணுச்சி? முடிச்சி குடுக்கறேன். மொதல்ல வாங்க, அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

பைக்கில் கூட்டிப் போனார். சலீம் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கா.பா. பக்கம் திரும்பினார்.

"வண்டி ஸ்டார்ட் ஆச்சா மச்சான்?"

"இன்னும் இல்ல."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பைக்கில் கா.பா.வுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். நான் நடந்தே வந்தேன்.