தறிக்கூடத்தில் ஒரு நவீன நடனம்

ஜூன் 8, 2024, சனி

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனி எழுதத்தான் போகிறேன்.

காலையில் அப்துல் சலாம் பாய் போன் செய்தார். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு கலை இணைய இதழும் நடத்துகிறார். சேலம் வட்டாரத்தில் பிள்ளைகளை நடனத்துக்கு அனுப்பும் எல்லாப் பெற்றோரும் அதைப் படிக்கிறார்கள். அதாவது, தங்கள் பிள்ளையின் படம் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

"வெண்ணிலா மேடம் புதுசா ஒரு நிகழ்ச்சி பண்றாங்க சார். நவீன நடனமாம். விமர்சனம் நீங்கதான் எழுதணும். இங்க வேற யாருக்கு அது தெரியும்?"

யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதும் இங்கே அதிகம் பேருக்குத் தெரியாது. திருச்செங்கோட்டில், போர்வெல் லாரிகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் நடுவே, ஒரு லண்டன் நடனக் குழுவை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய ஆங்கிலப் பேராசிரியன் நான் ஒருவன்தான். குழுவின் பெயர் ராம்பேர். வேலைக்கான நேர்காணலில் எங்கள் தாளாளர், "ராமர் பேர்ல நடத்தறாங்களா? ரொம்ப சந்தோசமுங்க" என்றார். அந்தச் சந்தோஷத்தில்தான் வேலை கிடைத்தது என்று இன்றுவரை நம்புகிறேன்.

எழுதுகிறேன் என்று பாயிடம் சொல்லிவிட்டேன். அம்மணி, உங்களுக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

ஜூன் 12, புதன்

எதற்குக் கோபம் என்று எனக்கே ஒருமுறை எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

வெண்ணிலாவின் பரதநாட்டிய நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து விளக்கம் சொன்னவன் நான். ஜரிகை வேட்டி, கணீர்க் குரல். நாயகி ஏன் தோழியைத் தூது அனுப்புகிறாள் என்று சேலத்துக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஒருநாள் ஒத்திகையில் வெண்ணிலா, "இனிமே விளக்கம் வேண்டாங்க சார், பாக்கறவங்க பாத்துக்குவாங்க" என்றாள். அவ்வளவுதான். மைக்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். என்னையும் சேர்த்து.

இதில் அழகு என்னவென்றால், அந்த யோசனையைக் கொடுத்ததே நான்தான். டீ குடித்துக்கொண்டே ராம்பேர் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன். போலந்தில் பிறந்த ஒரு பெண்மணி லண்டனில் நடத்திய பாலே பள்ளியிலிருந்து வளர்ந்த குழு. பெரிய பாலேக்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் நொடித்தார்கள். 1966-இல் குழுவைச் சுருக்கி, அமெரிக்க நவீன நடனத்தின் பக்கம் திரும்பினார்கள். ஆனால் பாலே பயிற்சியைக் கைவிடவில்லை. பாலே உடம்பை மேலே தூக்கும். நவீன நடனம் அதைத் தரைக்கு இறக்கும். இரண்டையும் ஒரே முதுகெலும்பில் பழகினார்கள்.

"அப்ப வேண்டாதத உட்டுட்டாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. பெரிய துணிச்சல்" என்றேன், முட்டாள்.

அடுத்த மாதம் என்னை விட்டுவிட்டாள். ராம்பேர் வெளியே அனுப்பிய ஆட்டக்காரர்களைப் பற்றி என் ஆய்வேட்டில் அரை வரிதான் இருக்கிறது. அவர்கள் போய் என்ன செய்தார்கள்? தெரியாது. ஒருவராவது இப்படி டைரி எழுதியிருப்பார்.

ஜூன் 16, ஞாயிறு

இளம்பிள்ளைக்குப் போய் ஒத்திகை பார்த்தேன். தறிகளை விற்றுவிட்டதால் காலியாகக் கிடக்கும் கூடம். வாசலில் பலகை: 'வெண்ணிலா டான்ஸ் கம்பெனி'. எங்கள் ஊரில் கம்பெனி என்றால் போர்வெல் போடும் ரிக் கம்பெனி. கிணறு தோண்டக் கேட்டு எத்தனை பேர் போன் செய்தார்களோ.

உள்ளே சண்டை. அங்கம்மாள் என்று ஒரு அம்மா. சேலைக்கு முந்தானைக் குஞ்சம் கட்டும் வேலை. மகள் அனிதாதான் இதில் முக்கிய ஆட்டக்காரி.

"ஏனுங்க மேடம், சலங்கையும் இல்ல, பூவும் இல்ல. எம்புள்ள எதுக்குங்க தரையில பொரளோணும்? ஊட்லயே பொரண்டுக்கிட்டுத்தான கெடக்கறா?"

"அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாருங்கக்கா. புடிக்கலைன்னா கூட்டிட்டுப் போயிருங்க."

"நா மட்டுமில்லீங்க, பாதிப்பேரு நின்னுருவாங்க. பத்திரிகைல என்ன போடறாங்கன்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு எங்கூட்டுக்காரரு சொல்லிப்போட்டாரு."

வெண்ணிலா என்னைப் பார்த்தாள். முடி நரைத்திருக்கிறது. நன்றாகவே நரைத்திருக்கிறது.

"வாங்க சார். உள்ளத எழுதுங்க. இது போச்சுன்னா என் டான்ஸ் பள்ளியும் போச்சு. வேற ஒண்ணுமில்ல."

கெஞ்சியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். கெஞ்சவில்லை. ஒரு பள்ளிக்கூடம் என் விரல் நுனியில் தொங்குகிறது. இந்த ஊர் எனக்குக் கொடுத்த முதல் மரியாதை.

ஜூன் 19, புதன்

விமர்சனத் தலைப்பு தயார்: 'உருளும் கலை'. பாதிக்கு மேல் எழுதியும் விட்டேன். நிகழ்ச்சியைப் பார்ப்பது மட்டும் பாக்கி.

ஜூன் 23, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

முதலில் முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி, அடவு. சலங்கை இல்லாததால் பாதம் சிமெண்டில் விழும் சத்தம் மட்டும். இதை நான் எதிர்பார்த்ததுதான். பிறகு மற்றவர்கள் விலக, அனிதா மட்டும் நின்றாள். அரைமண்டி இறங்கியது, இன்னும் இறங்கியது, இடுப்பு தரையைத் தொட்டது, சாய்ந்து உருண்டாள். உருளும்போதும் முதுகு அதே முதுகு. பழைய பயிற்சி உள்ளே இருக்கிறது, எடை தரைக்குப் போய்விட்டது. நூலகத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காக நான் எழுதினேனே, அது இதுதான். இளம்பிள்ளையில், ஃபேன் காற்றில்.

அப்போது அங்கம்மாள் எழுந்தாள். மகளை இழுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்று நினைத்தேன். பொய் எதற்கு, ஆசைப்பட்டேன்.

முந்தானையை இழுத்துச் செருகினாள். "நவுருங்க, நவுருங்க, புள்ள உருண்டு வருது" என்று முன்வரிசை நாற்காலிகளைத் தள்ளினாள். குனிந்து, ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்து, கோயிலில் அங்கப்பிரதட்சிணம் செய்பவர்களை உருட்டிவிடுவார்களே, அதே மாதிரி மகளை மெல்ல உருட்டிவிட்டாள். இன்னொருத்தி மறுபக்கம் வந்தாள். வேறொருத்தி பாட்டிலைத் திறந்து வழியெல்லாம் தண்ணீர் தெளித்தாள்.

அனிதா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். நிற்கவில்லை. உடம்பின் பாரத்தை அந்தக் கைகளில் விட்டுவிட்டு உருண்டாள். வெண்ணிலா ஓரமாக நின்றாள். கை தூக்கி யாரையும் தடுக்கவில்லை.

"எந்தச் சாமிக்கு வேண்டுதலுங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் என்னைக் கேட்டார்.

எந்தச் சாமிக்கும் இல்லை, இது நவீன நடனம், இதன் வரலாறு என்னவென்றால்... எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. மைக் மட்டும் இருந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். கூடமும் அத்தோடு செத்திருக்கும்.

"தெரியலீங்க" என்றேன்.

ஜூன் 24, திங்கள்

பாய் போன் செய்தார். பெற்றோர்கள் குழம்பிப்போய் இருக்கிறார்களாம். கோயில் விஷயத்தைக் கூத்தாக்கிவிட்டார்கள் என்று சிலர். நல்லாத்தானே இருந்தது என்று சிலர். அங்கம்மாள் வீட்டுக்காரர் இன்னும் பத்திரிகைக்காகக் காத்திருக்கிறார்.

'உருளும் கலை'யை அழித்தேன். அதில் நல்ல வரிகள் இருந்தன. மனிதனுக்குப் பழிவாங்கும்போதுதான் நடை நன்றாக வருகிறது.

ஜூன் 26, புதன்

எழுதி முடித்தேன். 'அருமை' என்ற சொல்லை எழுதப் பழக்கமில்லாததால் வாக்கியத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறினேன். கடைசியில் அந்தச் சொல் இல்லாமலே சமாளித்துவிட்டேன். அனிதாவின் முதுகு, அவள் அம்மாவின் கைகள், அவ்வளவுதான் இருக்கிறது. ராம்பேர் ஒரே ஒரு வரி.

பாய்க்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டு, என் பேர் வேண்டாம் என்றேன்.

"பேரு போடாம வந்தா திட்டுனதுன்னு நெனச்சுக்குவாங்க சார்."

"படிச்சுப் பாருங்க பாய்."

படித்தார். கடையில் யாரோ சீரகம் விலை கேட்டுக்கொண்டே இருந்தது போனில் கேட்டது.

"சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப பேரு போடறதுக்கு என்ன?"

போட்டால் வெண்ணிலா போன் செய்து நன்றி சொல்வாள். அதை என்னால் தாங்க முடியாது. சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாள். ஆகவில்லை. மைக் விஷயத்தில் அவள் செய்தது தப்பு, தப்புதான். அதற்கும் அனிதாவுக்கும் சம்பந்தமில்லை.

இளம்பிள்ளையில் யாரும் கீழே பேரைத் தேடப்போவதில்லை. மேலே படம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். உருண்டுவரும் அனிதாவும் குனிந்திருக்கும் அங்கம்மாளும் சேர்ந்திருக்கும் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டேன்.

பேர் இல்லாமலே போகட்டும். போனை வைத்துவிட்டேன்.