புங்மா போனாள், புங்மா வந்தாள்

அன்பு மகள் புங்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் மழையில் ஊறிப்போய்க் கிடந்தாலும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லை. நீ சுகமா? வழக்கத்துக்காகக் கேட்கிற கேள்வி இல்லை இது, எனக்குப் பதில் வேண்டும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடாதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. ஏலக்காய் இந்த வருஷம் பரவாயில்லை. பன்றி குட்டி போட்டிருக்கிறது, அம்மா பாதி நேரம் அந்தக் கொட்டிலிலேயே இருக்கிறாள். மண்சரிவில் பாலம் போய்த் தந்திக் கம்பியும் அறுந்துவிட்டது, அதனால் இதைச் சிலிகுரிக்கு லாரி ஓட்டும் நம் மன்பீர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சரிவு வரை நடந்துபோய் அந்தப் பக்கம் நிற்கும் லாரியை எடுத்துக்கொள்வானாம். அங்கிருந்து உன் ஆஸ்பத்திரி நர்ஸ் விடுதிக்கு எத்தனை நாளில் வருமோ தெரியாது.

எட்டாம் வகுப்புக்கு லிம்பு இலக்கணம் நான்தான் எடுக்கிறேன் என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். புத்தகம் இன்னும் அச்சாகி வரவில்லை, வினைச்சொல் பாடத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நம் வினைச்சொல் லேசுப்பட்டதா? ஒருவர் போனால் ஒரு வடிவம், இரண்டு பேர் போனால் ஒன்று, கூட்டமாய்ப் போனால் இன்னொன்று, அதில் நாமா நாங்களா என்று வேறு பார்க்க வேண்டும். வீட்டில் நேபாளி பேசி வளர்கிற பிள்ளைகள், பாவம், முழிக்கிறார்கள். வாய்ப்பாடு மாதிரி கத்திச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். முதல் வினைச்சொல்லாக பெக்மாவை, அதாவது போவதை, எடுத்துக்கொண்டேன். உதாரணத்துக்கு வகுப்பில் உள்ள யார் பெயரைப் போட்டாலும் மற்றவர்கள் கெக்கலி கொட்டுகிறார்கள், ஒரு பெண் அழுதேவிட்டாள். யாருக்கும் சண்டை வேண்டாம் என்று ஊரில் இல்லாத உன் பெயரைப் போட்டேன். புங்மா போகிறாள், புங்மா போனாள், புங்மா திரும்பிப் பார்க்கவில்லை, புங்மா திரும்பி வரமாட்டாள். இல்லை என்று சொல்லும் வடிவமும் படிக்க வேண்டுமே, அதற்காகத்தான் கடைசி இரண்டும். மழைக்காலம் முழுக்க வகுப்பே ஒரே குரலில் இதைக் கத்தியது. பள்ளிக்கூடம் நம் வீட்டுக்கு நேர் மேலே, அம்மாவுக்கு அடுப்படி வரை கேட்கும். என் பொண்ணு பேர் மலையெல்லாம் கேக்குது என்று அவளுக்குக்கூடப் பெருமைதான்.

பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஒரு நாள் பட்டப்பகலில் பக்கத்து வீட்டு மன்மாயா அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து, ஏண்டி, பொண்ணு வந்திருக்கா, ஒரு வார்த்த சொல்லல, ஊத்துல கால் கழுவிட்டு நின்னா, நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்ல, பட்டணத்துக்குப் போனதும் அவ்ளோ ராங்கி ஆயிடுச்சா என்று அம்மாவைத் திட்டினாள். அக்காவுக்குக் கண் மங்கல் என்று நான் சிரித்தேன். மறுநாளே நம் நாய் வாசல் படிக்கு வெளியே போய் வாலைக் குழைத்துக்கொண்டு நின்றது, எதிரே யாரும் இல்லை. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா பயந்துபோய்த் தன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். ரணதோஜ் மாமா வந்து, தோங்பாக் கள் நிறைந்த மூங்கில் குவளையை மடியில் வைத்துக்கொண்டு, மூங்கில் குழலை வாயில் வைக்கப் போனவர் அப்படியே நிறுத்திவிட்டார். மேலே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். மாமா பேடாங்மா, நம் பக்கத்துச் சாவு வீடுகளிலெல்லாம் பூசாரி அவர்தான், உனக்குத் தெரியாததா. செத்தவர்களைப் பேர் சொல்லி, நீ போயாச்சு, திரும்பிப் பாக்காத, இனி வராத என்று வழியனுப்பி வைக்கிறவர். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என்ன மச்சான், உசுரோட இருக்கற பொண்ணுக்கு வழியனுப்பு நடத்திட்டு இருக்கீங்க, அதுவும் இத்தன வாய வெச்சு என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, யோவ், இது இலக்கணம்யா, பரீட்சைக்குப் படிக்கறதுங்க என்றேன். அதற்கு அவர், ஆத்மாவுக்கு உங்க பரீட்ச தெரியுமா மச்சான், அதுக்குப் பேர் தெரியும், போன்னு சொன்னா போகத் தெரியும் என்றார். சாவு வீட்டில் எத்தனை முறை நின்று கேட்டிருக்கிறேன், எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

அனுப்பிய வாய்களே திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார் மாமா. நானும் ஒத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பிலேயே பித்தளைத் தட்டில் அரிசி பரப்பி முட்டை வைத்தார். பிள்ளைகள் புங்மா வா, புங்மா வருகிறாள், புங்மா வந்தாள் என்று சொல்ல வேண்டும், முடிந்ததும் வீட்டு ஆள் ஒருத்தர் உன் சார்பில் வந்துவிட்டேன் என்று குரல் கொடுக்க வேண்டும், அதுதானே முறை. அம்மா அதற்காக நீ விட்டுப்போன நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் சொல்லி முடித்தார்கள். அம்மா வாயைத் திறக்குமுன், குடைகள் தொங்கும் கதவுக்குப் பின்னாலிருந்து வந்துட்டேன் என்று கேட்டது. உன் குரல் புங்மா. சளி பிடித்தால் உனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளுமே, அந்தக் குரல். நான் பெற்ற பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா? கதவுக்குப் பின்னால் குடைகள்தான் இருந்தன. பிள்ளைகள் ஒருத்தர்கூட அலறவில்லை, முதல் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள்.

அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். மாமா மட்டும் அவசரமாக அரிசியை அள்ளி முடிந்துகொண்டார். இறங்கி வரும்போது, என்ன ஆச்சு என்று அவரைக் கேட்டேன். இத்தன வருஷமா கூப்பிடறேன் மச்சான், உசுரோட இருக்கறவங்க ஆத்மா சத்தமில்லாம உடம்புக்குப் போய்ச் சேந்துடும், தானே வாயத் தொறந்து பதில் சொல்லி நான் கேட்டதில்ல என்றார். அப்ப என்ன அர்த்தம் என்றேன். மொதல்ல பொண்ணுகிட்டேர்ந்து தகவல் வரட்டும் என்று சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து அம்மா மூன்று தட்டு வைக்கிறாள். ஒன்றில் சோறு அப்படியே இருக்கிறது, ஆனால் நடுவில் விரலால் குழித்தது போல இருக்கிறது. மாடியில் உன் அறைப் பலகை கிறீச்சிடுகிறது, ஈரத்துக்கு மரம் அப்படித்தான் சத்தம் போடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் பயமாக இருக்கிறது மகளே, உன் அப்பாவுக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, காய்ச்சல் வார்டில் இருந்தால் இடம் மாற்றச் சொல். இதைப் படித்த கையோடு, நைட் டூட்டி, தூக்கம் என்று சாக்குச் சொல்லாமல், சிலிகுரி லாரி ஆபீஸுக்கு ஒரு தந்தி அடி, மன்பீர் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். இருக்கிறேன் என்று ஒரு சொல் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

இப்போது அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கு இவ்ளோ நீளமா எழுதறீங்க என்று கேட்டாள். புங்மாவுக்கு என்றேன். சிரித்துவிட்டாள். அவ மேலதான இருக்கா, ஒரு குரல் குடுங்க, வந்துட்டுப் போறா என்றாள். நான் குரல் கொடுக்கவில்லை. உன் தந்தி வரும்வரை இந்த வீட்டில் உன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்.

யூமா தாய் உன்னை உன் உடம்போடு ஒட்டி வைத்துக் காப்பாற்றட்டும். தந்தியை மறந்துவிடாதே.

படிக்கட்டுக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து இதை எழுதும்
உன் அப்பா
ஹர்க்கமான் காம்தாக்