சலவைக்கடை மாடியில் உன் பாட்டு

அன்புள்ள என் பாட்டுக்காரிக்கு,

நானும் நம் மகளும் சுகமாக இருக்கிறோம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக விசில் அடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றி எதையாவது கட்டிக்கொள்.

நீ அனுப்பிய பாட்டுகளை நேற்றுதான் கேட்டோம். வீட்டில் தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சலவைக்கடை மாடிக்கு, நம் பயிற்சி அறைக்கே கொண்டுபோனேன். கிடார் வாசிக்கும் நெட்டையனும் பேஸ் கிடார் வாசிக்கும் உன் தம்பியும் தரையில் சாய்ந்துகொண்டார்கள். மகள் என் மடியில். கீழே இஸ்திரி போடும் ஆவி வழக்கம்போல ஜன்னல் வழியே ஏறி வந்தது. அந்த வெண்மூட்டத்துக்குள் உன் குரல் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது. எல்லா வாத்தியத்தையும் நீயே வாசித்திருக்கிறாய். எங்கள் சத்தம் குறுக்கே வராததால் நீ மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இத்தனை வருஷம் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவனுக்கு அது கேட்டதே இல்லை.

கடைசிப் பாட்டும் முடிந்தது. நெட்டையன்தான் மெல்ல, "நாம இல்லாம நல்லாத்தான் இருக்கு, என்ன பண்றது?" என்றான். உன் தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா நினைச்சது மட்டும்தான் இதுல இருக்கு. நம்மகூட பாடறப்போ யாருமே நினைக்காத ஒண்ணு வந்து விழுமே, அது எங்க?" என்றான். இரண்டு பேரும் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த மழைப் பாட்டில் ஓரிடத்தில் நீ ஒரு கணம் நின்று, அப்புறம்தான் அடுத்த அடியை எடுக்கிறாய். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மாதிரி இடத்தில் என் டிரம்ஸ் எப்போதும் பிந்தித்தான் வந்து சேரும். நீ திரும்பி முறைப்பாய். நீ பாடிப் பதிவு செய்த அந்த அறையில் நான் இல்லை, யாருமே இல்லை. இருந்தும் காத்திருந்தாயே! என் கை தானாகத் தொடையில் தட்டியது. "அப்பா, அது என் காலு" என்றாள் மகள்.

அடுத்த தொகுப்பையும் தனியாகவே பாடித்தரக் கம்பெனியில் கேட்கிறார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். போட்டுவிடு. உன்னை மனசில்லாமல் இழுத்து வந்து நடுவில் நிறுத்தினால் எங்களிடமிருந்து சத்தம்தான் வரும், பாட்டு வராது. இங்கே நெட்டையனே பாட ஆரம்பித்திருக்கிறான். சுருதி அவனைக் கண்டால் ஓடி ஒளிகிறது. ஆனாலும் போன சனிக்கிழமைக் கச்சேரியில் ஜனங்கள் எழுந்து ஆடினார்கள். எங்களை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

பள்ளி விடுமுறை விட்டதும் மகளை அழைத்துக்கொண்டு அங்கே வரலாம் என்றிருக்கிறேன். எங்கே படுப்பது என்றெல்லாம் யோசிக்காதே, தரையே போதும்.

மேடையில் நீ தனியாகவே நின்று பாடு. எல்லாம் நல்லபடியாக அமையட்டும். தனியாக இருக்க மட்டும் பழகிவிடாதே.

எப்போதும் போல் கொஞ்சம் பிந்தியே எழுதும்,
உன் டிரம்ஸ்காரன்