திறப்பு விழாவின் கார்பன் பிரதி

போன வாரம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. நிகழ்த்துகலைகளுக்கென்று புதிதாக ஒரு மையம் கட்டியிருக்கிறார்களாம். பழைய கல்லூரி ஆசிரியன் என்ற முறையில் திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவதாக இல்லை. அழைப்பிதழைப் பழைய கோப்பில் செருகப் போனபோது வேறொரு தாள் கைக்கு வந்தது. நம் கல்லூரிக் கலையரங்கத் திறப்பு விழாவின் நிகழ்ச்சி நிரல், நீங்கள் தட்டச்சு செய்ததன் கார்பன் பிரதி. ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் கார்பன் தாளின் மெழுகு வாடை இன்னும் இருக்கிறது, அல்லது இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. இனி எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கணக்கு வாத்தியாரும் சில நேரம் பிரயோஜனமில்லாத வேலை செய்யலாம்.

அந்த அரங்கம் வருவதற்கு முன்னால், அறுபதுகள் முழுக்க, நமக்கு மேடை என்பது விளையாட்டு மைதானத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டியதுதான். ஆண்டு விழா நாடகத்தில் பெண் வேடம் எதுவாக இருந்தாலும் நீங்கள்தான். பகலெல்லாம் அலுவலகத்தில் தட்டச்சு, மாலையில் ராணி, விதவைத் தாய், வண்ணாத்தி. முதலில் மாணவர்கள் விசில் அடிப்பார்கள். நீங்கள் வாயைத் திறந்து நாலு வரி பேசினதும் விசில் நின்றுவிடும். நல்லம்பள்ளியிலிருந்து சைக்கிளில் வந்து தரையில் உட்கார்ந்து பார்த்த ஆட்கள், "அந்தம்மா எந்த ஊருங்க?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எப்படி இது வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். "சேலை கட்டறது பெரிசில்லீங்க சார். கட்டிக்கிட்டு சும்மா நிக்கறதுதான் கஷ்டம்" என்றீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரங்கம் எழும்பியது. கட்டடக் குழுவுக்கு நான் செயலாளர். திறப்பு விழா நாடகத்தில் தாய் வேடம் உங்களுக்கு. அந்த வேடத்துக்காகவே புதுச் சேலை ஒன்று எடுத்துவிட்டதாகவும், வீட்டில் அதற்காக ஒரு சண்டை நடந்ததாகவும் சொல்லிச் சிரித்தீர்கள். ஒத்திகையும் நடந்துகொண்டிருந்தது. விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "துணைவேந்தர் வர்றார். புது அரங்கத்துல ஆம்பள சேலை கட்டிக்கிட்டு வந்து நின்னா சிரிக்க மாட்டாரா? விலங்கியல்ல பாடம் எடுக்கற அந்த சுசீலா நல்லா பேசறாங்க, அவங்களைப் போடுங்க. டைப்பிஸ்ட்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

சுசீலா நடிக்க வேண்டும் என்பதில் தவறு இருந்ததாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. சொல்ல வேண்டியதை நான் சொன்ன விதம்தான் தவறு. சொன்னேன் என்பதே பொய். மூன்று நாள் உங்கள் மேசைப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தேன். நாலாம் நாள், நீங்கள் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து, நிகழ்ச்சி நிரலைக் கையால் எழுதி, தாய் வேடத்துக்கு நேரே சுசீலாவின் பெயரைப் போட்டு, தட்டச்சு இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன். உங்கள் வேடம் போனதை நீங்களே தட்டச்சு செய்து தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டவன் நான்.

நாலு மணிக்கு வந்தபோது தாள் தயாராக இருந்தது.

"அச்சாபீசுக்குப் போறதுக்கு முன்ன ஒருக்கா சரி பாத்துடுங்க சார்."

"நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் இயந்திரத்தின் மேல் உறையை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். "இனிமே ஒத்திகைக்கு நான் வரணுங்களா?"

"வசனம் எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணுமே" என்றேன். அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்தது.

"அப்ப வர்றனுங்க."

மேல் பிரதி அச்சகத்துக்குப் போனது. கார்பன் பிரதியைப் பார்க்காமலே கோப்பில் போட்டேன். மேல் பிரதியில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை, இவருக்கு ஒன்றும் வருத்தமில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

விழா அன்று மாலை நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் என் பங்கு எவ்வளவு என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. சுசீலா ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். ஒப்பனை அறைக்குள் எட்டு ஆண்கள் பனியனோடு முகத்தில் மாவு பூசிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு அறை எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு அறை இல்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரே ஒரு ஒப்பனை அறைதான் கட்டியிருந்தோம். எல்லா வேடமும் ஆண்களே போட்டுப் பழகிய கல்லூரி அது. வரைபடம் என் மேசையில் ஆறு மாதம் கிடந்தது, கையெழுத்துப் போட்டவனும் நான்தான், எனக்கு அது உறைக்கவே இல்லை.

சுசீலா வராந்தாவிலேயே நின்றார். துணைவேந்தரின் கார் காரிமங்கலம் தாண்டிவிட்டது என்று ஆள் வந்து சொன்னார். முதல்வர் என்னை முறைத்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் வசனமெல்லாம் மனப்பாடமாச்சே. நீங்களே வேஷம் கட்டிடுங்க. இனி யோசிக்க நேரமில்லை."

எட்டுப் பேர் முகத்திலும் ஒரு தெளிவு. எல்லாரையும்விட எனக்குத்தான் நிம்மதி. என் இரண்டு தப்பும் ஒரே அடியில் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சேலைகூட ஒரு பையில் உங்களோடு வந்திருந்ததைப் பிறகு பார்த்தேன். ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நீங்கள் சுசீலாவைப் பார்த்தீர்கள். அவர் பெட்டியின் கைப்பிடியை விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தம்மா ஒரு மாசமா உசுரக் குடுத்துப் படிச்சிருக்காங்க சார். ரூம் இல்லாதது அவங்க தப்புங்களா?" என்றீர்கள். பிறகு அறைக்குள் தலையை நீட்டி, "எல்லாம் வெளிய வாங்கப்பா. புளியமரத்தடியில வேஷம் போட்டவங்கதான நாம? கண்ணாடிய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

பாதி மீசை ஒட்டிய ராஜா வேஷக்காரர் முதலில் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தார், மற்றவர்கள் பின்னால். அரங்கத்துக்குப் பின்புறம் புளியமரக் கவையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து எட்டுப் பேரும் ஒப்பனை செய்துகொண்டார்கள். நீங்கள் ஒரு ஸ்டூலைப் போட்டு அறைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டீர்கள். யார் வந்தாலும், முதல்வரே வந்தாலும், கையைக் காட்டித் திருப்பி அனுப்பினீர்கள்.

நாடகம் நன்றாகவே போனது. மூன்றாம் காட்சியில் சுசீலாவுக்கு ஒரு வரி மறந்தது. நான் எதிர்ப் பக்கத்துத் திரை மறைவில் நின்றிருந்தேன். நீங்கள் வசனத்தைக் கிசுகிசுத்து எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தத் தாயின் குரலிலேயே சொன்னீர்கள். முன்வரிசைக்காரர்கள் சுசீலாதான் பேசினார் என்று நினைத்திருப்பார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். நீங்கள் வேட்டி சட்டையில் நின்றபடி, இல்லாத முந்தானையை இடது கையால் தோளில் இழுத்து விட்டுக்கொண்டீர்கள். அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேடையைப் பார்த்தேன்.

அடுத்த வருடம் சாமான் அறையைக் காலி செய்து பெண்களுக்கு ஒதுக்கினோம். நீங்கள் பிறகு வேடம் கட்டவில்லை. கேட்டவர்களிடம் "வயசாயிடுச்சுங்க" என்றீர்கள். உங்களுக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை. அதன் பிறகு பல வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம், டீ குடித்தோம், பஸ்ஸுக்கு ஒன்றாக நின்றோம். அந்தத் தாளைப் பற்றி நானும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை.

இப்போது அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். தாய் வேடத்துக்கு நேரே எழுத்துகள் கறுப்பாக, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தேன். சுசீலாவின் பெயருக்கு அடியில் உங்கள் பெயர் இருக்கிறது. முதலில் உங்கள் பெயரை அடித்திருக்கிறீர்கள். பிறகு மேல் தாளில் ரப்பரால் சுத்தமாக அழித்துவிட்டு, அதே இடத்தில் அவர் பெயரை அடித்திருக்கிறீர்கள். கார்பன் பிரதியை அழிக்கவில்லை. பத்து வருடமாக அந்த இடத்தில் உங்கள் பெயரையே அடித்த விரல்கள் தானாகப் போயிருக்கலாம். இல்லை, ஒரே ஒரு தடவை அதை அங்கே பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம். "ஒருக்கா சரி பாத்துடுங்க சார்" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு அன்றே பார்த்திருந்தால், உங்களிடமே கேட்டிருப்பேன்.

தாளை மறுபடி கோப்பில் வைக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், எழுத உட்காரும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. இத்தனை வருடம் கழித்துச் சரி பார்த்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.